ஊட்டாண்ட கெணறு கீது

நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி, முட்டிவலியைத் தாண்டி, கடைசியில் பேரப்பிள்ளைகளிடம் வந்து நிற்கிறது. "ஒண்ணாங் கிளாஸ் முடிக்கப் போறான், இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியல" என்பார் ஒருவர். "எந்நேரமும் போனைப் பாத்துகினு இருந்தா எப்படி வரும்?" என்பார் இன்னொருவர். நான் அங்கே அதிகம் வாய் திறப்பதில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க, படிப்பு ஏறாத பிள்ளை என்று பேர் வாங்கியவள் நான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அதனால்தான் எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அறுபதுகளின் கடைசி அது. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டினாற்போல் ரயில்வே வரிசை வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்போம். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வலையை விட்டுவிட்டுத் தண்டவாள வேலைக்கு வந்தவர் அவர்தான். நீளக் காம்பு போட்ட சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, தினமும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற ஆப்புகளை அடித்து இறுக்குவது வேலை. ரயில் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டு அலுமினியத் தட்டுகள் பலகையில் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் விட்ட பேச்சைத் தொடர்வோம்.

பள்ளிக்கூடமும் தண்டவாள ஓரம்தான். ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம். ஒண்ணாவதும் ரெண்டாவதும் ஒரே பக்கம், ஒரே டீச்சர். மறுபக்கம் பெரிய வகுப்புகளும் தலைமை வாத்தியாரும். மழை வந்தால் ஒழுகாத இடமாகப் பார்த்து எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்காருவோம். ஈரச் சிலேட்டு வாசனை, கோவை இலையைக் கசக்கித் துடைத்த பச்சை வாசனை, மத்தியானம் வேகிற கோதுமை உப்புமா வாசனை. எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும்.

டீச்சர் சின்ன வயசுக்காரர். ஒல்லி. திருநெல்வேலிக்கும் தெற்கே கடற்கரை ஊர். வியாசர்பாடியில் அண்ணன் வீட்டில் தங்கி, காலை பாசஞ்சரில் கறுப்புக் குடையும் டிபன் பாக்ஸுமாக வந்து இறங்குவார். வகுப்பில் அவர் பேசியது முழுக்கப் புத்தகத் தமிழ். முதல் நாள் "அனைவரும் அமருங்கள்" என்றார். ஒருவரும் உட்காரவில்லை. எங்களுக்குக் "குந்து" தெரியும், "ஒக்காரு" தெரியும். அமருவது என்றால் என்னவென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் மகள் மட்டும் பாவாடையை மடக்கிக்கொண்டு அழகாக உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து நாங்களும் உட்கார்ந்தோம்.

சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு படம். டீச்சர் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தைக் காட்டிக் கேட்பார்.

"இது என்ன?"

நன்றாகத் தெரிந்த படம். "எல."

"இதன் முதல் எழுத்து எது?"

"எ."

மரஸ்கேல் புறங்கையில் விழுந்தது. "இ. இலை. சொல்."

அடுத்த படம் மாவு ஆட்டுகிற கல். எங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தது. "ஒரலு" என்றேன். முதல் எழுத்து ஒ என்றேன். அதற்கும் ஸ்கேல். அது உரலாம், உ-வாம். பிறகு ஓர் அட்டையில் வீட்டுப் படம். நான் ஊ என்றேன். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அந்தப் படத்து வீட்டுக்கு வாசலில் ரெண்டு பூச்செடி, ஜன்னலுக்குத் திரை. அது மாதிரி இருந்தால் வீடு, எங்களுடையது மாதிரி இருந்தால் ஊடு என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். மற்ற பிள்ளைகளும் வீட்டில் என்னைப் போலப் பேசுகிறவர்கள்தான். அவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அவர்கள் டீச்சரின் வாயைப் பார்த்துச் சொன்னார்கள். நான் படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் நான் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பேன். புத்தகத்தை நீட்டினால் பார்ப்பேன். எழுத்துகள் எனக்கு என்னவோ சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. பேசாமல் நிற்கிற பிள்ளையை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்.

தீபாவளி முடிந்த வாரம், தண்டவாளத்தோடு வந்த நைனாவைப் பள்ளிக்கூட வேலியோரம் நிறுத்திச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இவளுக்கு இன்னும் படிப்பு ஏறவில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் கஷ்டம், அவளுக்கும் கஷ்டம். ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும். பிறகு பார்க்கலாம்."

நைனா சுத்தியலை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "சரிங்கோ டீச்சரம்மா."

அன்றைக்குச் சாயந்திரம் அம்மாவிடம் சொன்னார். "பெருசும் இப்டிதான், சின்னதும் இப்டிதான். நம்ம ரெத்தத்துலயே படிப்பு இல்ல போலக் கீது."

பெருசு என்றது என் அக்காவை. என்னைவிட அஞ்சாறு வயது மூத்தவள். இதே பள்ளிக்கூடத்தில், இந்த டீச்சர் வருவதற்கு முன்னால் இருந்த ஒரு வயசான வாத்தியாரிடம் ஒண்ணாவதில் ரெண்டு தடவை உட்கார்ந்தவள். அவர் நைனாவிடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "இவ தலையில களிமண்ணு." அதோடு அக்கா நின்றுவிட்டாள். தண்ணீர் எடுப்பாள், மீன் கழுவுவாள். அந்த வருஷம் தம்பி பிறந்ததிலிருந்து அவனைத் தூக்குவதும் அவள் வேலை.

மழை விட்டதும் என்னைப் பழவேற்காட்டில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவாயிற்று. அத்தை கூடை சுமந்து இறால் விற்கப் போகிறவள். வீட்டில் சின்னப் பிள்ளை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவளே வந்து என் தாடையைப் பிடித்து, "இவ என்கூட வந்துடட்டும்ணே. படகுல எல்லாம் இட்டுகினு போறேன்" என்றாள். படகு என்றதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வேண்டாம் என்று நினைத்தால் அப்படித்தான் உட்காருவாள். நைனாவுக்கும் அது தெரியும். ஆனால் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இங்கே அக்காவும் தம்பியும் அந்தப் புத்தகமும் இருந்த மத்தியானங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி லேசில் தூங்க மாட்டான். தூளியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அழுவான். ஆட்டுகிற அக்காவுக்கு ஒரு கை சும்மா இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து ஒண்ணாவது புத்தகம், முனை மழுங்கி, நியூஸ்பேப்பர் அட்டை போட்டு, அப்போது எனக்கு வந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு தம்பிக்குப் படித்துக் காட்டுவாள்.

புத்தகத்தில் இப்படி இருக்கும்: இது வீடு. வீட்டின் அருகே கிணறு இருக்கிறது. கிணற்றின் அருகே ஆடு நிற்கிறது.

அக்கா விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு சொல்வாள்: "இத்து ஊடு. ஊட்டாண்ட கெணறு கீது. கெணத்தாண்ட ஆடு நின்னுகினு கீது. இன்னாடா பாக்கற? ஆடு உன்னப் பாத்துகினு கீதுடா."

தம்பிக்கு ஆடு என்ன தெரியும்? ஆனால் அவள் குரலில் ஒரு கிண்டல் இருக்கும். அதற்காகச் சிரிப்பான். நான் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் விரல் போகிற இடத்தைப் பார்ப்பேன். 'வீ' என்கிற இடத்தில் விரல் வந்தால் அக்கா வாயில் 'ஊ' வரும். 'இருக்கிறது' என்று நீளமாக ஒரு கோடு ஓடினால் அது 'கீது'. எத்தனை பெரிய வார்த்தையை எத்தனை சின்னதாக அக்கா மடித்துவிடுகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கொஞ்ச நாளில் அக்கா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனால், தூளிக் கயிறும் புத்தகமும் என் கைக்கு வரும். நானும் அப்படியே படிப்பேன். அதற்குப் படிப்பது என்று பேர் என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது. படிப்பது என்பது பள்ளிக்கூடத்தில் அடி வாங்குவது. இது கொழந்தையைத் தூங்க வைப்பது.

கார்த்திகையில் புயல் வந்தது. ராத்திரியெல்லாம் அடித்து, காலையில் காற்று மட்டும் ஓய்ந்தது, மழை நிற்கவில்லை. காலை பாசஞ்சர் எப்படியோ வந்துவிட்டது. அதில் டீச்சரும் வந்துவிட்டார். அதன் பிறகு ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மண் அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது என்று செய்தி வந்தது. நைனாவும் மற்ற ஆட்களும் பாரையும் கூடையுமாகப் போனார்கள். ரயில் நின்றுவிட்டது. பஸ் ரோட்டிலும் தண்ணீர்.

ஸ்டேஷன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த டீச்சரை அம்மாதான் பார்த்தாள். குடை திரும்பிக்கொண்டு கம்பி வெளியே வந்திருந்தது. புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ரயிலு இன்னிக்கி வராது டீச்சரம்மா. எங்கூட்டுக்கு வாங்கோ."

டீச்சர் தயங்கினார். வகுப்புக்கு வேண்டாம் என்று அவரே அனுப்பிவிட்ட பிள்ளையின் வீடு அல்லவா. அம்மா அதைப் பற்றி நினைத்தவளாகவே தெரியவில்லை. டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தன் புடவை ஒன்றைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். அந்தப் புடவையில் டீச்சர் எங்கள் சித்தி மாதிரி இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேல் இல்லாத டீச்சரை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன்.

அம்மாவுக்குச் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலை. "மீனு துண்ணுவீங்களா டீச்சரம்மா? மடவ கொயம்புதான் கீது."

டீச்சர் சட்டென்று சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல மீன் இல்லாம சோறே எறங்காதும்மா."

நெளிந்த அலுமினியத் தட்டில் டீச்சருக்குப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. அக்கா மழையில் நனைந்துகொண்டே போய், வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழையில் ஓர் இலை நறுக்கி வந்தாள். அம்மா அதை எங்கே போடுவது என்று இடம் பார்த்தாள். கூரை ரெண்டு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எலய இங்கன போடும்மா, இங்கன ஒழுகல" என்றார் டீச்சர்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் சோற்றைப் பிசைந்து ரெண்டு வாய் சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"டீச்சரு, நீங்களும் எலன்னுதான் சொல்றீங்கோ."

"என்னது?"

"எல. எலய இங்கன போடுன்னு சொன்னீங்கோ. அதுக்கு மொத எழுத்து எ தானே?"

அம்மா "சும்மா இருடி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். டீச்சரின் கை சோற்றில் அப்படியே நின்றது. எனக்கு அடி விழுமோ என்று பயம் வந்தது. அவர் என் புறங்கையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மீன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

மறுநாளும் மழை. அம்மா அரிசி வாங்கப் போயிருந்தாள். அக்கா பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். டீச்சர் உள்ளே சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நான் தம்பிக்குப் புத்தகத்தை எடுத்தேன். மெதுவாகத்தான் படித்தேன்.

"ஊட்டாண்ட கெணறு கீது. கெணத்தாண்ட ஆடு நின்னுகினு கீது."

"ஏட்டி, இங்கன வா" என்று குரல் வந்தது.

வகுப்பில் அவர் ஒருநாளும் ஏட்டி என்று சொன்னதில்லை. போனேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கி, நாங்கள் வகுப்பில் இன்னும் தொடாத பக்கம் ஒன்றைத் திருப்பினார். மேலே இருந்த படத்தை உள்ளங்கையால் மூடினார்.

"இதைத் தம்பிக்குச் சொல்லு பாப்போம். அவனுக்குச் சொல்லுத மாதிரியே சொல்லு."

மழை பெய்கிறது. குளம் நிறைகிறது. தவளை பாடுகிறது. இதுதான் அங்கே இருந்தது. நான் விரலை வைத்தேன். முதலில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"மய பேயுது. கொளம் ரொம்பிப்போச்சி. தவள கத்திகினு கீது."

"பாடுகிறதுன்னு போட்டிருக்கு. நீ கத்துதுன்னு சொல்லுதே?"

"தவள எங்க பாடும் டீச்சரு? கத்தும்."

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு பக்கம். அதற்கடுத்து இன்னொன்று. சில இடங்களில் எழுத்து தெரியாமல் தடுக்கினேன். அங்கே அவர் எடுத்துக்கொடுத்தார், நான் அதை எங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொண்டேன். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

"யாருட்டி ஒனக்கு இப்படிச் சொல்லித் தந்தது?"

"யாரும் சொல்லித் தரல. அக்கா தம்பிக்குச் சொல்லும். நானு பாத்துகினு இருப்பேன்."

அக்கா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் மீன் செதில். நான் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து வந்திருக்கிறாள். டீச்சர் அவளையும் கூப்பிட்டார். அவள் வரவில்லை.

"எனுக்குப் படிப்பு வராது டீச்சரு. வாத்தியாரு அப்பவே சொல்ட்டாரு" என்று சொல்லிவிட்டு மீனிடம் திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயந்திரம் அடுப்படியில் டீச்சரும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்தது பாதி. மீதியை அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். டீச்சர் படிப்புக்காக ஊரைவிட்டு வந்து சேர்ந்த இடத்தில், அவர் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் சிரிப்பார்களாம். மெதுவாக வா என்பதற்கு "பைய வா" என்றால், பையையா கொண்டுவரச் சொல்கிறாய் என்று கேலி செய்வார்களாம். ராவும் பகலும் புத்தகத் தமிழைப் பழகி, தன் ஊர்ப் பேச்சை வாய்க்குள்ளேயே பூட்டி வைத்தாராம். "என் வாயத் திருத்துனது மாதிரி இதுங்க வாயையும் திருத்திட்டா, நாளைக்கு யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு நெனச்சேம்மா" என்றாராம். அம்மா தேங்காய்த் துருவலில் ஒரு பிடி எடுத்து அவர் கையில் வைத்தாளாம். எங்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஏதாவது தின்னக் கொடுப்பாள்.

இப்போது யோசித்தால், அந்த ஸ்கேலுக்குப் பின்னால் ஒரு பிரியம் இருந்தது தெரிகிறது. அதற்காக அது வலிக்காமல் இல்லை.

தண்டவாளம் சரியான பிறகு நைனா திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. முகத்தைக் கழுவக்கூட விடாமல் டீச்சர் எழுந்து நின்று சொன்னார்.

"உங்க சின்ன மகளை நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்புங்க."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"நீங்கோதானே ஏறலன்னு சொன்னீங்கோ?"

"தப்பாச் சொல்லிட்டேன். அவ படிக்கா. எனக்குத்தான் கேக்கத் தெரியல." அதோடு விடாமல், "பெரியவளையும் அனுப்பணும்" என்றார்.

"பெருசா? அது இன்னாத்துக்கு? கொயந்தய யாரு பாக்கறது?"

"கொழந்தையையும் தூக்கிட்டு வரட்டும்."

நைனா சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. மூணு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற மனுஷனுக்கு, அதற்குமேல் வாதாடத் தெம்பு இல்லை. "ஒரு மாசம் போய்ப் பாக்கட்டும்" என்றார். அத்தைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார். படகு போயிற்றே என்று நான் அழுதேன். என்ன அழுகை என்று கேட்டு அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா லேசில் வரவில்லை. டீச்சர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். கடைசியில் அவளைக் கிளப்பியது தம்பிதான். புத்தகம் என்னோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால், மத்தியானம் அவன் தூங்காமல் அழுது தீர்த்தான். ஒருநாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே அவள் ஒரு மரம் மாதிரி தெரிந்தாள். பெரிய வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். தலைமை வாத்தியார் எழுந்து வந்தார்.

"இது பள்ளிக்கூடமா, புள்ளத்தாச்சி வார்டா?"

டீச்சர் எழுந்து நின்று, "என் வகுப்பில் உட்காரட்டும் ஐயா. சத்தம் வந்தால் நான் பொறுப்பு" என்றார். அவரிடம் பேசும்போது புத்தகத் தமிழ்தான். அவர் முனகிக்கொண்டே திரும்பினார். உத்தரத்தில் ஒரு தூளி கட்டப்பட்டது.

அந்தத் தை, மாசி மாதங்களில் எங்கள் வகுப்பு மாறியது. டீச்சர் படத்தைக் காட்டி, "உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?" என்று முதலில் கேட்பார். எல என்போம். "புஸ்தகத்துல இதுக்கு இன்னொரு பேரு இருக்கு" என்று இலையை எழுதுவார். ஒரே பொருளுக்கு வீட்டுப் பேர் ஒன்று, புத்தகப் பேர் ஒன்று. எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் கூப்பிட ஒரு பேரும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பேரும் இருந்ததால், அது எங்களுக்கு அதிசயமாகப் படவில்லை. நான் கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்தேன். வீடு என்று சொல்ல வாய் வந்தது. ஊடும் போகவில்லை. இன்றைக்கும் ரெண்டும் இருக்கிறது.

ஸ்கேல் அடியோடு போய்விடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது பேசியதற்கு இல்லை, சேட்டைக்கு.

டீச்சர் அடுத்த வருஷமே மாற்றலாகி ஊர்ப்பக்கம் போய்விட்டார். நான் பத்தாவது முடித்து, டைப் கற்றுக்கொண்டு, பிற்பாடு கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆபீஸில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். அக்கா ஐந்தாவதோடு நின்றாள். வயசுக்கு வந்த பெண்ணை அதற்குமேல் அனுப்ப மாட்டேன் என்று நைனா சொன்னபோது டீச்சர் அங்கே இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. எனக்குக் கிடைத்தது அவளுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் பிள்ளைகள் நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள். எப்படி என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாசியில் ஒருநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆனாலும் எங்களைப் போகச் சொல்லிவிட்டாள். மத்தியானம் நைனா வேலைக்கு நடுவே வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அடுப்பு எரியவில்லை. சோறு ஆக்க அக்காவைக் கூட்டிவர, தண்டவாளத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

அப்போது டீச்சர் ரெண்டாவது வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களை அக்காவிடம் விட்டிருந்தார். அக்கா முன்னால் நின்றாள். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே, ஒரு பாடத்தை முதலில் புத்தகத்தில் உள்ளபடி படித்தாள். திக்கித் திக்கித்தான். ஆனால் ஒரு எழுத்தையும் விடவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, அதையே எங்கள் பேச்சில் சொன்னாள். நரி இன்னா சொல்லிச்சி, காக்கா இன்னா சொல்லிச்சி என்று அவள் கேட்கக் கேட்க, வகுப்பே பதில் சொன்னது. எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன்கூட எழுந்து நின்று சொன்னான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பியபோது நைனா அங்கே நின்றுகொண்டிருந்தார். சுத்தியலைத் தரையில் ஊன்றி, அதன் காம்பின் மேல் ரெண்டு கையையும் வைத்திருந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. டீச்சர் பார்த்துவிட்டு எழுந்தார். நைனா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பாடம் முடியும்வரை நின்றார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரையும் கூப்பிடாமல் திரும்பி நடந்தார்.

சாயந்திரம் நாங்கள் வீட்டுக்குப் போனபோது வீடெல்லாம் புகை. நைனா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். கண் ரெண்டும் சிவந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்து அதற்கு முன்னால் அவர் அடுப்பைத் தொட்டதில்லை. அம்மா படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பதறிப்போய், தம்பியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

"தள்ளிக்கோ நைனா, நானு பாத்துக்கறேன்."

"நீ போய் மூஞ்சி கழுவிகினு குந்து" என்றார் நைனா. "சோறு ஆயிடிச்சி."

சோறு அடிபிடித்திருந்தது. மேலே குழைந்து, நடுவில் வேகாமல், அடியில் கறுத்து. நைனா முதல் தட்டை அக்காவுக்குப் போட்டார். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தட்டைக் காலி பண்ணிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.